விட்டுப்போன ஒரு வரி

கதை எழுதுகிறவனைக் கணிதத்தைப் பற்றிப் பேசக் கூப்பிடுவது, நாதஸ்வர வித்வானைப் பந்தலுக்குக் கால் நடக் கூப்பிடுவது மாதிரி. இரண்டும் கல்யாண வீட்டுக் காரியந்தான் என்று சொல்லிக் கொள்ளலாமே தவிர, வேறு சமாதானம் கிடையாது. ஆனாலும் கூப்பிட்டார்கள். திருச்சியில் ஒரு பள்ளிக்கூடம். டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்த நாள். 2011-ல் அதைத் தேசியக் கணித தினம் என்று அறிவித்த நாள் முதல் பள்ளிக்கூடங்களுக்கு இப்படி ஒரு தொல்லை. யாராவது ஒரு பேச்சாளர் வேண்டும். கணித வாத்தியார்கள் எல்லாம் அவரவர் பள்ளிக்கூட விழாவில் மாட்டிக்கொண்டு விடுவதால், கடைசியில் என்னைப் போன்றவனிடம் வந்து நிற்கிறார்கள்.

ஒப்புக்கொண்ட பிறகுதான் பயம் வந்தது. ராமானுஜன் என்றால் எல்லாரும் 1729-ஐச் சொல்லுவார்கள். ஆஸ்பத்திரி, வாடகைக் கார், ஹார்டி, இரண்டு விதமாக இரண்டு கனங்களின் கூட்டுத்தொகை. ஐந்தாம் வகுப்புப் பையன்கூட 1-ம் 12-ம், 9-ம் 10-ம் என்று நாம் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒப்பித்து விடுகிறான். நல்ல எண்தான், ஆனால் அடிக்கடி எடுத்து உடுத்தி அதன் கரை நைந்து போய்விட்டது. வேறு எண் ஒன்று தேட வேண்டும் என்று தீர்மானித்தேன். தேடப் போன இடத்தில் ஓர் எண் அகப்பட்டது. அதைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் பேசினேனா என்பது முக்கியமில்லை. வீட்டில் அது செய்த காரியந்தான் எழுத வேண்டியது.

ராமானுஜன் 1915-ல் லண்டன் கணித சங்கத்தின் சஞ்சிகையில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அந்த வேலைக்காகத்தான் மறு வருஷம் மார்ச் மாதம் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது. யுத்த காலம், சங்கத்தில் பணமுடை. கட்டுரை முழுவதையும் அச்சிட முடியாமல் ஒரு பகுதியை நிறுத்தி வைத்தார்கள். அந்த மிச்சம் 1988-ல்தான் அச்சைப் பார்த்தது. விஷயம் என்னவென்றால், வகுபடுவதில் கெட்டிக்கார எண்கள்.

கெட்டிக்கார எண் என்று நான் வைத்த பெயர். கணிதக்காரர்கள் மன்னிக்க வேண்டும். ஓர் எண்ணை மிச்சமில்லாமல் வகுக்கக்கூடிய எண்கள் எத்தனை என்று எண்ணுங்கள். 12-ஐ 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு எண்கள் வகுக்கும். 12-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் கிடையாது. ஆகவே 12 கெட்டிக்கார எண். 13-ஐ ஒன்றும் பதின்மூன்றும் தவிர வேறெதுவும் தொட முடியாது. அது தனிக்கட்டை. 24, 36, 48, 60, 120 என்று இந்தக் கெட்டிக்காரர்களின் வரிசை போகிறது. ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் வந்த எல்லா எண்களையும் வகுத்திகளின் தொகையில் தோற்கடித்திருக்க வேண்டும். அதுதான் ஒரே நிபந்தனை.

நம் முன்னோர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. பெயர் வைக்கவில்லை, பண்டகசாலையில் வைத்துக் கொண்டார்கள். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். நாளுக்கு அறுபது நாழிகை. பிரபவ முதல் அட்சய வரை வருஷம் அறுபது. கணக்கதிகார வாய்பாட்டின்படி ஒரு செவிடுக்கு நெல் 360. நாழிக்கு நாற்பது செவிடு, ஆக 14,400 நெல். 12, 60, 360 மூன்றும் ராமானுஜன் பட்டியலில் இருக்கின்றன. 360-க்கு இருபத்து நாலு வகுத்திகள். அதற்குக் கீழே அத்தனை வகுத்திகள் உள்ள எண் கிடையாது. ஒரு குவியலைப் பாதியாக, மூன்றில் ஒன்றாக, ஐந்தில் ஒன்றாக, எட்டில் ஒன்றாகச் சண்டை இல்லாமல் பங்கு போட வேண்டியவனுக்கு 360-ஐவிட நல்ல எண் எங்கே கிடைக்கப் போகிறது? ஸ்ரீரங்கம் கோவிலுக்குள் இன்னும் நிற்கும் அந்த உருண்டை நெற்களஞ்சியங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வாய்பாடுதான் ஞாபகம் வரும்.

ராமானுஜன் இந்த எண்களின் உடற்கூறை ஆராய்ந்தார். அதோடு ஒரு பட்டியலும் போட்டார். மொத்தம் 102 எண்கள். கடைசி எண் 6746328388800. அதாவது ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. அதற்கு வகுத்திகள் 10,080. யந்திரம் கிடையாது, தாளும் பேனாவும்தான்.

அந்தப் பட்டியலில் ஓர் எண் விட்டுப் போயிருக்கிறது.

293318625600. இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தோரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு. இதற்கு வகுத்திகள் 5,040. பட்டியலில் இருக்க எல்லா உரிமையும் உள்ள எண். இதற்கு முன்னால் இருப்பதற்கு 4,800 வகுத்திகள். பின்னால் இருப்பதற்கு 5,376. நடுவில் இது உட்கார்ந்திருக்க வேண்டிய இடம் காலி. பின்னால் வந்தவர்கள் சரிபார்த்துக் கண்டுபிடித்தார்கள்.

இதைப் படித்ததும் நான் கையிலிருந்த தாளைக் கீழே வைத்துவிட்டு, கூடத்தில் ஈசிச்சேரில் படுத்திருந்த அப்பாவைப் பார்த்தேன்.

அப்பாவுக்கு இப்போது வயது தொண்ணூறு. காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு நெல் மண்டியில் கணக்கு எழுதிக் கொண்டிருந்தவர். அந்த மண்டி இப்போது இல்லை, பெயரும் வேண்டாம். 1968-ல் வருஷக் கணக்கு முடிக்கிற சமயத்தில் இருப்பில் நாற்பது மூட்டை நெல் குறைந்தது. பேரேட்டை எத்தனை தடவை புரட்டினாலும் அது யாருக்குப் போயிற்று என்பதற்கு வரி இல்லை. முதலாளி எல்லார் எதிரிலும் ஒரு கேள்வி கேட்டார். "நாற்பது மூட்டையும் எந்த வீட்டுக்குப் போச்சு, பிள்ளை?"

எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா நாலு நாள் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. பகலெல்லாம் மண்டியில் உட்கார்ந்து வருஷத்துச் சிட்டையை ஒவ்வொரு பக்கமாகப் பேரேட்டோடு ஒத்துப் பார்த்தார். இரவு கடைசி ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் வந்து இறங்குவார். அம்மா அடையவளஞ்சான் வீதித் திண்ணையில் காத்துக் கொண்டிருப்பாள். ஐந்தாம் நாள் அகப்பட்டுவிட்டது. ஆடி மாதத்தில் ஒரு நாள் சிட்டையில் எழுதியதைப் பேரேட்டில் பதியும்போது ஒரு வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போயிருக்கிறார். வரிதான் இல்லை, அன்றைய கூட்டுத்தொகையில் அந்த நாற்பது மூட்டையும் பத்திரமாக இருந்தது. வாங்கிய வியாபாரியும் மறுக்கவில்லை. பணம் வந்து சேர்ந்தது. முதலாளி சிரித்துக் கொண்டே, "சரி, விடுங்க பிள்ளை" என்றார்.

அப்பா விடவில்லை. மறுநாளே சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பிறகு சத்திரம் பஸ் நிலையத்துப் பக்கம் சின்னச் சின்னக் கடைகளுக்கு, மாசத்துக்கு இவ்வளவு என்று, கணக்கு எழுதினார். குடும்பம் நடந்தது, எப்படி நடந்தது என்பதை அம்மா இருந்தால் சொல்லுவாள். அப்பா அன்று முதல் எதை எழுதினாலும் கீழே ஒரு மர ரூல்தடியை வைத்து, வரி வரியாக நகர்த்தி, வாய்விட்டுப் படிப்பார். பால் கணக்கு, வண்ணான் கணக்கு, என் பள்ளிக்கூடத்து மார்க் பட்டியல், எதுவானாலும் ரூல்தடிதான். எங்களுக்கெல்லாம் சிரிப்பாக இருக்கும். சில சமயம் எரிச்சலாகவும் இருக்கும். எனக்குக் கல்யாணப் பத்திரிகை அச்சடித்தபோது அச்சகக்காரர் அழாத குறை.

ஆகவே, ராமானுஜனும் ஒரு வரியை விட்டிருக்கிறார் என்று படித்தவுடன், ஐம்பது அறுபது வருஷமாக வீட்டில் கிடந்த ஒரு முள்ளைப் பிடுங்கி விடலாம் என்று எனக்குப் பெரிய உற்சாகம் வந்தது.

"அப்பா, ராமானுஜன் ஒரு கணக்கில் ஒரு வரி விட்டிருக்கார்."

"யார்?"

"கணித மேதை ராமானுஜன்."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவர் விட்டா, நான் விட்டது சரியாயிடுமாடா?" என்றார்.

என் உற்சாகத்தில் தண்ணீரைக் கொட்டின மாதிரி ஆயிற்று. நான் என்ன நினைத்துச் சொன்னேன் என்று அவருக்கு ஒரே விநாடியில் விளங்கிவிட்டது. ஆறுதல் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் அகப்பட்டுக் கொள்கிறோம்.

பேச்சை மாற்றுவதற்காக ராமானுஜனுடைய மற்ற சமாசாரங்களைச் சொன்னேன். அவருடைய தகப்பனார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் குமாஸ்தா. அவரே 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் மாசம் முப்பது ரூபாய்க்கு குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். அங்கே பெரிய கணக்கராக இருந்த நாராயண ஐயர் நம் திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் படித்து, அங்கேயே கணித ஆசிரியராக இருந்துவிட்டுத் துறைமுகத்துக்குப் போனவர். ஆபீஸ் முடிந்த பிறகு இருவரும் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு ராத்திரி வரை கணக்குப் போடுவார்களாம்.

"கணக்கப்பிள்ளையா!" என்று அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். மேதை என்று சொன்னபோது வராத மரியாதை அப்போது வந்தது. "அந்த எண்ணைச் சொல்லு."

சொன்னேன். பென்சிலும் என் கட்டுரைத் தாளின் பின்பக்கமும் கேட்டார். ரூல்தடி தானாகவே வந்தது.

அவருக்குக் கொஞ்சம் விளக்கத்தான் வேண்டியிருந்தது. எந்த எண்ணையும் 2, 3, 5, 7, 11 என்ற பகா எண்களின் பெருக்கலாக உடைக்கலாம். வகுத்திகள் அதிகம் வேண்டும், ஆனால் எண் சின்னதாக இருக்க வேண்டும். அப்படியானால் எதை எத்தனை வாங்குவது?

"இதிலே என்னடா யோசனை?" என்றார் அப்பா. "மலிவுச் சரக்கை மொத்தமா வாங்கணும். விலை ஏற ஏறக் குறைச்சு வாங்கணும். ரெண்டுதான் இருக்கிறதிலே மலிவு. அதை அதிகமா வாங்கு. அப்புறம் மூணு. பத்தொம்பது கிராக்கிச் சரக்கு, ஒண்ணு போதும்."

நான் திகைத்துப் போனேன். ராமானுஜன் நிரூபித்த முதல் சங்கதியே அதுதான். கெட்டிக்கார எண்ணில் 2-கள் எத்தனையோ அதற்கு மேல் 3-கள் இருக்காது. 3-களுக்கு மேல் 5-கள் இருக்காது. இப்படியே இறங்கிக் கொண்டு போகும். கடைசியில் வரும் பகா எண் ஒரே ஒரு தடவைதான் வரும்; 4, 36 என்ற இரண்டு எண்கள் மட்டும் விலக்கு. காரணமும் மண்டிக் காரணந்தான். 2-ஐவிட 3-ஐ அதிகமாக வாங்கியிருந்தால், இரண்டின் எண்ணிக்கையையும் மாற்றிப் போட்டுவிடலாம். வகுத்திகள் அத்தனையேதான் இருக்கும். விலை மட்டும் இறங்கிவிடும். அப்போது முதல் எண் கெட்டிக்கார எண்ணாக இருக்க முடியாது.

அப்பா வகுக்க ஆரம்பித்தார். இரண்டால் ஆறு தடவை. ஆறாவது தடவை 4583103525 என்று வந்து ஒற்றைப்படையில் நின்றது. மூன்றால் நாலு தடவை, ஐந்தால் இரண்டு தடவை. ஏழால் ஒரு தடவை வகுத்ததும் 323323 என்று வந்தது. "ஒரே பேர் ரெண்டு தடவை எழுதியிருக்கு பார்" என்று சிரித்தார். முந்நூற்றிருபத்து மூன்றை ஆயிரத்தொன்றால் பெருக்கினால் அப்படித்தான் வரும். ஆயிரத்தொன்று என்பது 7, 11, 13 மூன்றின் பெருக்கல். அதையும் அவரே கண்டுபிடித்தார். முந்நூற்றிருபத்து மூன்று பதினேழு பத்தொன்பது. முடிந்தது.

ஆறு 2, நாலு 3, இரண்டு 5, இரண்டு 7. பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்று.

வகுத்திகளை எண்ணுவது சுலபம். 2-களில் ஒன்றும் எடுக்காமல் விடலாம், ஒன்று எடுக்கலாம், ஆறு வரை எடுக்கலாம், ஏழு வழி. 3-களில் ஐந்து வழி. 5-ல் மூன்று, 7-ல் மூன்று. மற்ற நாலிலும் எடுப்பது, விடுவது என்று இரண்டிரண்டு வழி. எல்லாவற்றையும் பெருக்கினால் 5,040. அப்பா பெருக்கி முடித்து, கீழே இரட்டைக் கோடு இழுத்தார். கூட்டு சரியாயிருந்தால் பேரேட்டில் போடுகிற கோடு.

அதன் பிறகு ஒரு காரியம் செய்தார். 14,400-ஆல் வகுத்துப் பார்த்தார். நாழிக்கு நெல் 14,400 அல்லவா? 2,03,69,349 நாழி வந்தது. ஒரு நெல் மிச்சமில்லை. "கலம் ரெண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நூத்தியெண்பது, தூணி ரெண்டு, நாழி அஞ்சு" என்று வாசித்தார். அந்தக் குரலை நான் என் எட்டாவது வயதுக்குப் பிறகு கேட்டதில்லை.

"ஏன் விட்டார்?" என்று கேட்டார் பிறகு.

அதற்குப் பதில் யாருக்குத் தெரியும்? ஆனால் அக்கம்பக்கத்து எண்களை உடைத்துப் பார்த்தோம். முன்னால் உள்ளது 240940299600. பின்னால் உள்ளது 321253732800. இரண்டிலும் 23 இருக்கிறது. விட்டுப்போன எண்ணில் 23 கிடையாது. அது 19-உடன் நின்றுவிடுகிறது. நம்முடைய எண்ணிலிருந்து இரண்டு 2-களையும் ஒரு 7-ஐயும் விற்று ஒரு 23 வாங்கினால் முன்னவர் வருகிறார். ஒரு 3-ஐயும் ஒரு 7-ஐயும் விற்று ஒரு 23 வாங்கினால் பின்னவர். அந்தப் பிரதேசத்தில் 19 குடும்பமும் 23 குடும்பமும் கலந்து கலந்து வருகின்றன. இதுதான் 19 குடும்பத்தின் கடைசி ஆள். அதற்குப் பிறகு பட்டியல் முடிகிறவரை எல்லா எண்களும் 23 உள்ளவைதான். 23 வீட்டுக்காரர்களாக வரிசையில் வந்து கொண்டிருக்கும்போது, நடுவில் ஒரே ஒரு 19 வீட்டுக்காரர். கண் தாண்டிப் போக அதுவே காரணமாக இருக்கலாம். இது என் ஊகந்தான்.

"ஆடி மாசமும் அப்படித்தான்" என்றார் அப்பா. "மேலேயும் கீழேயும் ஒரே ஆள் பேரு. நடுவிலே வேற ஆள்." இதை இத்தனை வருஷத்தில் அவர் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம் சொல்லியிருந்தாலும் அவள் எங்களிடம் சொல்லவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். எழுத்தாளன் புத்தி விடவில்லை. "பட்டியலின் கடைசி எண்ணை இதால் வகுத்துப் பாருங்கள்" என்றேன். எனக்கு முந்தின இரவே தெரிந்த சங்கதி.

6746328388800-ஐ 293318625600-ஆல் வகுத்தார். பெரிய வகுத்தல் என்று பார்த்தால் ஒரே அடியில் முடிந்துவிட்டது. இருபத்து மூன்று. மிச்சம் சைபர்.

அதாவது, விட்டுப்போன எண்ணோடு ஒரு 23-ஐச் சேர்த்தால் ராமானுஜன் எழுதிய கடைசி எண். அதனால்தான் வகுத்திகளும் சரியாக இரண்டு மடங்கு, 5,040-க்கு 10,080.

அப்பா தாளையே பார்த்துக் கொண்டிருந்தார். வாசலில் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களின் சத்தம். பென்சிலை எடுத்து, கடைசி எண்ணின் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்தார். சிட்டையையும் பேரேட்டையும் ஒத்துப் பார்க்கும்போது வைக்கிற புள்ளி.

"தொகையிலே இருக்கு" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடியும் மாட்டிக் கொண்டார். நான் ஏதாவது சொன்னால் கெட்டுவிடும் என்று சும்மா இருந்தேன்.

ஐந்து நிமிஷம் கழித்து, "மத்த நூத்திரண்டையும் யார் பார்த்தாங்க?" என்று கேட்டார்.

எத்தனையோ பேர் பார்த்துவிட்டார்கள், யந்திரம் இருக்கிறது, ஒரு விநாடியில் பார்த்துச் சொல்லிவிடும் என்றேன். அதையெல்லாம் அவர் காதில் போட்டுக் கொள்ளவில்லை. பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்சடித்து வரச் சொன்னார். அச்சகக்காரரை நினைத்துக் கொண்டே போய் அடித்து வந்தேன்.

அது நடந்து மூன்று வாரம் ஆகிறது. காலைக் காப்பி ஆனதும் ரூல்தடியும் கையுமாக உட்கார்ந்து விடுகிறார். 2, 4, 6, 12 என்று ஆரம்பித்தார். ஒவ்வொன்றுக்கும் வகுத்திகளை வரிசையாக எழுதி, எண்ணி, புள்ளி வைத்துவிட்டுத்தான் அடுத்தது. இன்று காலையில் 5040-க்கு வந்திருக்கிறார். அந்த எண்ணை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று என்னைக் கூப்பிட்டு, பழைய தாளைத் தேடிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். தேடிக் கொண்டிருக்கிறேன்.